புதுக் காரின் முதல் எண்ணெய் மாற்றம்

கல்லூரியில் இயற்பியல் படித்த எவரும் விளக்கெண்ணெய்ச் சோதனையை மறந்திருக்க மாட்டார். உயரமான கண்ணாடிச் சாடியில் விளக்கெண்ணெயை நிரப்பி, சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவோம். இரண்டு கோடுகளுக்கு இடையே குண்டு இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851இல் தந்த சமன்பாட்டின் உதவியால் எண்ணெயின் பாகுநிலையைக் கணக்கிடுவோம். ஓடுவதற்கு ஒரு திரவம் தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்புதான் பாகுநிலை. தண்ணீருக்கு அது குறைவு, தேனுக்கு மிகுதி.

தென்காசிப் பக்கத்தில் ஆடி மாதச் சாரலில், காலை வேளையில் இச்சோதனையைச் செய்யும் மாணவருக்கு ஒரு விடை கிடைக்கும். பங்குனி மாதப் பிற்பகலில் செய்பவருக்கு அதில் பாதியளவே கிடைக்கும். இருவருமே தவறு செய்யவில்லை. விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 9.9 பாய்ஸ், 30 டிகிரியில் 4.5, 40 டிகிரியில் 2.3. பத்து டிகிரி ஏறினால் பாகுநிலை ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடுகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும் சிக்கலில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும் நிலையில், சேமிப்போடு கடனும் சேர்த்துத் தம் வாழ்நாளின் முதல் காரை வாங்கினார். சிறிய பெட்ரோல் கார். ஆறு மாதம் ஆனதும் எண்ணெய் பற்றிய பேச்சு எழுந்தது. பழக்கமான மெக்கானிக் ஒருவர், "புது வண்டியில் தண்ணி மாதிரி ஆயில் இருக்கு சார். நம்ம வெயிலுக்கும் மலையேற்றத்துக்கும் அது தாங்காது. கெட்டியா இருபது-ஐம்பது ஊத்திருவோம்" என்றார். உறவினர் ஒருவரோ, முதல் எண்ணெயை ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றியிருக்க வேண்டும் என்று பயமுறுத்தினார். கார் விற்ற இடத்தில், "பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், அல்லது ஒரு வருடம் ஆகட்டும்" என்றார்கள். பேராசிரியர் என்னிடம் வந்து, "தம்பி, மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இதில் எது சரி?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு விரிவாகக் காண்போம்.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் உராய்வைக் குறைக்கிறது என்று பொதுவாகக் கூறுவோம். ஆனால் உண்மை இதைவிடச் சுவையானது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்திருந்தது. தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையைச் செருகினார், அதுவும் மேலெழும்பி வெளியே வந்தது. அழுத்தமானியை இணைத்துப் பார்த்தபோதுதான், தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் எண்ணெய்ப் படலத்தில் இருப்பது தெரிந்தது.

1886இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் அச்சு, எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. இடம் குறுகக் குறுக அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. குற்றாலச் சாலையில் மழைநீர் தேங்கி நிற்கும்போது வேகமாகச் சென்றால் கார்ச் சக்கரம் தரையை விட்டு நீர்ப் படலத்தின் மீது ஏறி வழுக்குவதும் இதே ஆப்பு விளைவால்தான். சாலையில் ஆபத்தாக இருப்பது எஞ்சினுக்குள் நமக்கு வேண்டியதாக இருக்கிறது. கிராங்க் தண்டு உண்மையில் உலோகத்தின் மேல் சுழல்வதில்லை. தலைமயிரின் தடிப்பில் மிகச் சிறு பங்கே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.

இப்படலத்தின் தடிப்பை முடிவு செய்பவை மூன்று: சுழலும் வேகம், மேலிருக்கும் சுமை, எண்ணெயின் பாகுநிலை. வேகமும் பாகுநிலையும் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும்.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

எண்ணெய் டப்பாவில் "5 டபிள்யூ-30", "0 டபிள்யூ-20", "20 டபிள்யூ-50" என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். இது அமெரிக்காவின் தானியங்கிப் பொறியாளர் சங்கம் (எஸ்.ஏ.இ.) வகுத்த முறை. முதல் வகைப்பாட்டை 1911இலேயே அச்சங்கம் வெளியிட்டது.

இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய நிலையில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருந்தால் அது 20ஆம் தரம், 9.3 முதல் 12.5 வரை 30ஆம் தரம், 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50. அறை வெப்பநிலையில் தண்ணீரின் மதிப்பு ஏறத்தாழ 1 என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் எண்ணோடு வரும் "டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. இந்த எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் எண்ணெய் இளகி எஞ்சினைச் சுழலவிடும் என்று பொருள். 20 டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியிலும், 0 டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 35 டிகிரியிலும் சோதிக்கிறார்கள்.

"தென்காசியில் ஏது பனி? இந்த எண் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். விளக்கெண்ணெயை நினைத்துப் பாருங்கள். 100 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய எஞ்சினுக்குக் காலை நேரத்து 25 டிகிரியே குளிர்தான். 40 டிகிரியில் கூட, 20 டபிள்யூ-50 எண்ணெய் 0 டபிள்யூ-20ஐப் போல் மூன்று, நான்கு மடங்கு கெட்டியாக இருக்கும். இரவு முழுதும் எண்ணெய் வடிந்து அடியில் தேங்கியிருக்கும் எஞ்சினை முடுக்கிய முதல் சில நொடிகளில், மேலே உள்ள உறுப்புகளுக்கு எது விரைவில் போய்ச் சேரும் என்பதே கேள்வி. எஞ்சின் தேய்மானத்தில் இக்கணங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே எண்ணெய்க்கு இரண்டு எண்கள் எப்படி? இளகிய எண்ணெயில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொண்ட பலபடிப் பொருள்களைச் சிறிது கலக்கிறார்கள். குளிரில் இவை நூலுருண்டை போலச் சுருண்டு கிடக்கும். எண்ணெயின் ஓட்டத்தை அதிகம் தடுப்பதில்லை. சூடேறும்போது விரிந்து ஓட்டத்தைத் தடுக்கும். ஆகவே, சூட்டில் எண்ணெய் இளகுவது ஓரளவு ஈடு செய்யப்படுகிறது.

கெட்டி எண்ணெயே நல்லதா?

மெக்கானிக்கின் வாதம் அறிவுக்கு ஒவ்வாததன்று. பாகுநிலை மிகுந்தால் படலம் தடிக்கும் என்று நாமே மேலே கண்டோம். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் கெட்டி எண்ணெய் நன்றாகவே உழைத்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பேசுகிறார். ஆனால் இரண்டு செய்திகளை அவர் கவனிக்கவில்லை.

முதலாவது, வெயில். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், எஞ்சினின் குளிர்நீர் ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்குமாறு ஒரு கட்டுப்படுத்தி பார்த்துக்கொள்கிறது. எனவே சூடேறிய எண்ணெயின் வெப்பநிலை ஊட்டியிலும் தென்காசியிலும் அதிகம் மாறுபடாது. அதை ஏற்றுவது வெயில் அன்று, சுமை. புளியரை எஸ் வளைவில் முழுக் குடும்பத்தோடு ஏறி ஆரியங்காவு செல்லும்போது எண்ணெய் உண்மையிலேயே கூடுதலாகச் சூடேறும்.

இரண்டாவது, வடிவமைப்பு. இன்றைய எஞ்சினின் தாங்கி இடைவெளி, எண்ணெய்ப் பம்பு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வு நேர அமைப்பு ஆகிய யாவும் குறிப்பிட்ட பாகுநிலைக்கென்று அளந்து செய்யப்பட்டவை. அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகவே செல்லும். தனக்குள்ளேயே உராய்ந்து வெப்பத்தையும் உண்டாக்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியானால் இளகிய எண்ணெயில் குறையே இல்லையா? உண்டு. 150 டிகிரி வெப்பத்திலும் கடும் தேய்ப்பிலும் 20ஆம் தரத்துக்குக் குறைந்தது 2.6 அலகும், 30ஆம் தரத்துக்கு 2.9 அலகும் பாகுநிலை வேண்டும் என்பது விதி. எனவே கடும் சுமையில் 30ஆம் தரத்துக்குச் சற்றுக் கூடுதலான பாதுகாப்பு எல்லை உண்டு. கார்க் கையேட்டில் இரண்டு தரங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தால், அடிக்கடி மலையேறுபவர் அவற்றில் கெட்டியானதைக் கொள்ளலாம். கையேட்டில் இல்லாத 50ஆம் தரத்துக்குத் தாவ அது காரணம் ஆகாது.

எழுத்துகளையும் பாருங்கள்

எண்ணைப் போலவே டப்பாவின் பின்புறமுள்ள தர எழுத்துகளும் முக்கியம். பெட்ரோல் எஞ்சினுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏ.பி.ஐ.) தரும் குறியீடுகளில் எஸ்.என். 2010இலும், எஸ்.பி. 2020இலும், எஸ்.க்யூ. 2025இலும் வந்தன. அகரவரிசையில் பின்னால் வருவது புதியது.

சிறிய டர்போ எஞ்சின்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. குறைந்த வேகத்தில் மிகுந்த சுமையை இழுக்கும்போது, தீப்பொறிக்கு முன்பே எரிகலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தாக்கக்கூடும். உயர் கியரிலேயே மலையேற முயல்பவர் இந்நிலையைத் தாமே வரவழைக்கிறார். எஸ்.பி. தர எண்ணெய் இதைக் குறைக்கிறதா என்று சோதித்தே சான்று தருகிறார்கள். கையேடு கேட்கும் எழுத்துக்குப் பழையதை வாங்கலாகாது. புகைவடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த தனி எண்ணெய் வேண்டும். இல்லையெனில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

முதல் மாற்றம் எப்போது?

ஒரு காலத்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டி மெதுவாக ஓட்டுவார்கள். சிலிண்டர்ச் சுவரும் பிஸ்டன் வளையங்களும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்த வேண்டும். உதிரும் உலோகத் துகள்கள் எண்ணெயில் சேரும். அதனால் முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுவார்கள். இன்று பரப்புகள் தொழிற்சாலையிலேயே மிக நுண்மையாகச் செப்பனிடப்படுகின்றன. துகள்கள் குறைவு, வடிகட்டியும் திறமானது. எனவே கையேடு கூறாதபோது ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றத் தேவையில்லை. முதல் எண்ணெயை முன்கூட்டி வடிக்க வேண்டாம் என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு.

ஆனால் பேராசிரியரின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அவர் வீடு தென்காசியில். நாள்தோறும் செல்வது குற்றாலத்துக்கு. ஐந்து கிலோமீட்டர். ஆறு மாதத்தில் 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. குறைவாக ஓடிய கார்தானே, எண்ணெயும் புதிதாகவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும்.

இங்கே ஒரு சிறு வேதியியல் கணக்கு. பெட்ரோலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஹைட்ரஜன். அது எரிந்து நீராகிறது. கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது! பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கும். நெடுந்தொலைவு ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி நீரும் ஆவியாகி வெளியேறும். ஐந்து கிலோமீட்டரில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். நீரும் எரியாத பெட்ரோலும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

பேராசிரியரின் காரில் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினேன். அதன் உட்புறத்தில் மோர் நுரை போல வெளிறிய பசை ஒட்டியிருந்தது. கையேட்டைப் புரட்டினோம். "கடினமான பயன்பாடு" என்ற பகுதியில் குறுந்தொலைவுப் பயணம் முதலிடத்தில் இருந்தது. அதற்குரிய கால அளவு ஆறு மாதம். கார் விற்ற இடத்தில் சொன்ன ஓராண்டுக் கணக்கு இயல்பான பயன்பாட்டுக்கு உரியது, அவருக்கு உரியதன்று.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதலில் கையேடு, பிறகே அறிவுரை. தர எண், எழுத்து, அளவு மூன்றையும் அதிலிருந்து குறித்துக்கொள்க.

2. கிலோமீட்டர், காலம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு.

3. எண்ணெயோடு வடிகட்டியையும் மாற்றுக.

4. எண்ணெய் கறுத்துவிட்டது என்பதாலேயே கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். கரித்துகள்களைப் படியவிடாமல் மிதக்க வைப்பது அதன் கடமை.

5. அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றலாகாது. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கினால் படலம் அறுபடும்.

6. முத்திரை உடையாத டப்பாவைக் கண்முன்னே திறக்கச் சொல்லி ஊற்றச் செய்க. பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வைக்கவும்; உத்தரவாதக் காலத்தில் அதுவே சான்று.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது?

கடைசியாக ஒன்று. சிறிய காரிலிருந்து வடிக்கும் எண்ணெய் மூன்று லிட்டர் என்று கொள்வோம். அது நீரின் மேல் ஒரு மைக்ரான் தடிப்பில் பரவினால் 3,000 சதுர மீட்டரை, அதாவது முக்கால் ஏக்கர் பரப்பை, மூடும். காற்றிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் செல்வதை அப்படலம் தடுக்கும். சாலையோரச் சாக்கடையில் ஊற்றியது மழையோடு சிற்றாற்றுக்கே போகும். குற்றால மலையில் பிறந்து தென்காசியைத் தொட்டு ஓடும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் இருக்கின்றன. பயன்படுத்திய எண்ணெயைத் தீங்கான கழிவாகக் கருதி, உரிமம் பெற்றவரிடமே சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. எண்ணெய் மாற்றும் இடத்தில், "பழைய எண்ணெயை யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பது நம் உரிமை.

பேராசிரியர் கையேட்டில் முதலாவதாகக் குறித்திருந்த 0 டபிள்யூ-20 எண்ணெயையே ஊற்றச் செய்தார். மெக்கானிக்கிடம் கையேட்டின் பக்கத்தைக் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "எழுதியே போட்டிருக்கானே சார்!" என்று சிரித்தார். இப்போது பேராசிரியர் மாதம் இரு முறையாவது காரைத் திருநெல்வேலி வரை ஓட்டிச் சென்று வருகிறார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் எண்ணெயில் சேர்ந்த நீர் ஆவியாகிவிடும் அல்லவா? அடுத்த முறை மூடியைத் திறந்தபோது வெளிறிய பசையைக் காணவில்லை.