வேனை விற்றபின் என்ன காடி வாங்கலாம்?

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களைப் புரட்டினால், கல்யாணப் படங்களின் ஓரத்தில் எப்படியும் ஒரு நிசான் வேனெட் நிற்கும். டான் சோங் நிறுவனம் உள்நாட்டிலேயே பொருத்தி விற்ற சி22 அது. வாரநாளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். தைப்பூசம் வந்தால் பால்குடம், பாய், பாட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பத்துமலைக்குக் கிளம்பும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருந்ததால் ஓட்டுபவருக்குத் தொடை சுடும். ஓட்டுவதில் சுகம் என்ற ஒன்றை அந்த வேனிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை.

அந்த வேனை இப்போது மாற்றப்போகிறவர்கள் முதலில் கேட்பது, “ஏழு சீட்டு இருக்கா?” என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த ஏழாவது சீட்டில் கடைசியாக யார், எப்போது உட்கார்ந்தார் என்று யோசித்தால் பல வீடுகளில் பதில் தீபாவளிக்கோ யாரோ ஒருவர் கல்யாணத்துக்கோ போய் நிற்கும். மீதி நாளெல்லாம் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒருவரோ இருவரோதான், நெரிசலில்.

மலேசியாவில் வேனின் காலத்தை முடித்துவைத்த ஆண்டு என்று 2009-ஐச் சொல்லலாம். ஏப்ரல் 15 அன்று புரோட்டோன் எக்ஸோரா வந்தது. நவம்பரில் பெரோடுவா அல்சா. இரண்டும் சாதாரணக் காடி மாதிரி ஓட்டலாம், வேன் மாதிரி ஆள் ஏற்றலாம். எக்ஸோராவின் உற்பத்தி 2023-இல் நின்றுவிட்டது. பயன்படுத்திய காடிச் சந்தையில் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது, மூன்றாம் வரிசையும் தாராளம். டர்போ ரகத்தை வாங்குகிறவர்கள் மட்டும் நம்பிக்கையான பட்டறைக்காரரை அழைத்துப்போய், இன்ஜினைச் சுற்றியுள்ள எண்ணெய்க் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

இரண்டாம் தலைமுறை அல்சா 2022 ஜூலை 20 அன்று அறிமுகமானது. காப்புறுதி சேர்க்காத அறிமுக விலை 62,500 வெள்ளியில் தொடங்கி 75,500 வெள்ளியில் முடிந்தது. அதே அடித்தளத்தில் உருவான டொயோட்டா வெலோஸ் மூன்று மாதம் கழித்து 95,000 வெள்ளிக்கு வந்தது. முன்பக்கச் சின்னத்துக்காக ஏறத்தாழ இருபதாயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது அவரவர் விருப்பம். வீட்டுக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அல்சாவே போதும்.

ஆனால் காட்சிக்கூடத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று வரிசைச் சீட்டுகளையும் நிமிர்த்திவிட்டுப் பின்கதவைத் திறந்து பாருங்கள். மிஞ்சும் இடம் 137 லிட்டர். இரண்டு பள்ளிப் பை, ஒரு சாம்பார்த் தூக்கு, அவ்வளவுதான். கடைசி வரிசையை மடித்தால்தான் இடம் 498 லிட்டராகிறது. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி தேவை. அதை நடு வரிசையில் மாட்டிவிட்டால் அந்தப் பக்கச் சீட்டைக் கவிழ்த்துப் பின்னால் போக முடியாது. அடுத்த பக்கமாகத்தான் ஏற வேண்டும். முட்டிவலிக்காரப் பாட்டியைப் பின்னால் அனுப்பலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓட்டும் சுகத்துக்கு வருவோம். அல்சாவிலும் பெரோடுவாவின் சிறிய காடியான மைவி 1.5-இலும் இருப்பது ஒரே குடும்பத்து 1.5 லிட்டர் இன்ஜின்தான். இரண்டின் திறனும் நூறு குதிரைச் சக்திக்குச் சற்று மேல். ஆனால் மைவி ஏறத்தாழ ஒரு டன் எடைதான். 3.9 மீட்டருக்கும் குறைவான நீளம். அல்சாவோ 4.4 மீட்டருக்கு மேல், எடையும் கூட. ஏழு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலை ஏறினால் இன்ஜின் கத்துவதைக் கேட்கலாம். மைவி அதே மலையில் துள்ளிக்கொண்டு ஏறும். 2005-இல் வந்த முதல் மைவியிலிருந்து இந்நாட்டு இளைஞர்கள் அதை விடாமல் துரத்திக்கொண்டு ஓட்டுவதற்குக் காரணம் உண்டு (அவர்கள் எல்லாரும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை). பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் தம்பிப்பிள்ளையில் நிறுத்த இடம் தேடும்போதும், தீபாவளிச் சமயத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஊரும்போதும், அந்த அரை மீட்டர் குறைவு பெரிய நிம்மதி.

சோதனை ஓட்டத்துக்கு நேர்ச்சாலையில் மட்டும் போய்த் திரும்பாதீர்கள். ஷா ஆலாமில் வட்டச்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் இரண்டைச் சுற்றிவாருங்கள், பின்சீட்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு. எந்தக் காடி சாய்கிறது, யாருக்குத் தலை சுற்றுகிறது என்று அங்கே தெரியும்.

ரீகண்டிஷன் கடையில் பழைய டொயோட்டா எஸ்திமாவைப் பார்த்து மயங்குகிறவர்களும் உண்டு. சறுக்குக் கதவு, சோபா மாதிரி சீட்டு, மலிவு விலை. ஆனால் மலேசியச் சாலை வரி 1,600 சிசி வரை ஒரு நிலையான சிறுதொகை. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஏறிக்கொண்டே போகும். 2.4 லிட்டர் எஸ்திமாவுக்கு வரியும் பெட்ரோலும் டயரும் சேர்ந்து, விலையில் மிச்சம் பிடித்ததை மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

கடன் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 60,000 வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி, முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் பழைய முறையில் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 706 வெள்ளி; வட்டி மட்டும் 16,200. ஐந்து ஆண்டுகளில் முடித்தால் மாதம் 1,150 கட்டவேண்டும், வட்டி 9,000-தான். 706 சுலபமாகத் தெரிகிறது என்பதால் பெரிய காடிக்குக் கை நீட்டுகிறோம். எட்டாவது ஆண்டில் புதுக்காடி வாசனை போயிருக்கும், தவணை போயிருக்காது.

ஐந்து பேர் வரை உள்ள வீட்டுக்கு மைவி 1.5, பாட்டி தாத்தாவோடு வாராவாரம் வெளியே போகும் வீட்டுக்கு அல்சா. ஆண்டுக்கு இரண்டு தடவை கூட்டமாகப் போக வேண்டுமென்றால் அன்றைக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுத்தால் போதும்.

பழைய வேனை விற்கும்போது சம்மன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாக்கியால் கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. புஸ்பாகோம் பரிசோதனை முடிந்து, ஜேபிஜே-யில் உரிமை மாறியதை உறுதிசெய்யும் வரை சாவியை வாங்குபவர் கையில் கொடுக்காதீர்கள்.