கப்பல் காத்திருக்குமா?

கடல்மேல் விடுமுறை – 8

போன வாரம் எந்தத் தளத்தில் அறை எடுப்பது என்று பேசினோம். அறை சரியில்லை என்றால் தூக்கம் கெடும், அதோடு போயிற்று. கரையிறங்கும் நாளில் தேர்வு பிசகினால் அப்படி இல்லை. பணம் போகும், பொழுது போகும், சில சமயம் ஆளே போகலாம். ஆனாலும் அறைக்கு ஒரு மாதம் யோசிக்கிறவர்கள், கரைச் சுற்றுலாவை மட்டும் கப்பலில் ஏறிய பிறகு, பஃபே வரிசையில் நிற்கும்போது முடிவு செய்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து முதல் தடவை க்ரூஸ் போகிற பலரும் பிடிக்கிற வழி, சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து, சிங்கப்பூருக்கே திரும்புவது. சில கப்பல்கள் கோலாலம்பூருக்கு வாசலான போர்ட் கிளாங்கிலும் நிற்கும். இந்த வாரம் அந்த வழியை வைத்தே பேசுவோம்.

“சார், கப்பல்ல ஒரு ஆளுக்குக் கேக்கற காசுல வெளியில குடும்பமே போயிட்டு வந்துடலாம் போலிருக்கே, பின்ன எதுக்கு அங்க வாங்கணும்?” இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை. விலை விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. கப்பல் கவுன்ட்டரில் விற்கும் சுற்றுலாவையும் நடத்துவது உள்ளூர்க்காரர்கள்தான். கூடுதல் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது முக்கியமாக ஒன்றைத்தான்: திரும்பி வரத் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்கும், நிற்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பாடு. தனியாகப் போனவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கிடையாது என்றால் எவ்வளவு கறாராகக் கிடையாது என்பதற்கு 2024 மார்ச் மாதக் கதை ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கும் சாவோ தோமே தீவில் ‘நார்வேஜியன் டான்’ கப்பல் நங்கூரமிட்டிருந்தது. எட்டுப் பயணிகள் வெளியார் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய், தாமதமாகத் துறைக்கு வந்தார்கள். கப்பல் கண்ணெதிரே நிற்கிறது. கடலோரக் காவல் படையினர் படகில் ஏற்றிக்கொண்டு கப்பல் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் கரையில் இருந்த போர்ட் ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டன, கப்பல் போய்விட்டது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் கர்ப்பிணி, ஒருவர் இதய நோயாளி. சொந்தச் செலவில் விமானம் மாறி மாறி மேற்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகத் துரத்தினார்கள். காம்பியாவில் பிடிக்கலாம் என்று போனால், அலைமட்டம் ஒத்துவராமல் கப்பல் அங்கே நிற்கவேயில்லை. செனகலில்தான் கைக்கு எட்டியது. கப்பல் நிறுவனம் செய்தது மனிதத் தன்மையா என்று உலகம் முழுக்க விவாதித்தார்கள். விவாதத்தில் யார் ஜெயித்தாலும் விதி மாறவில்லை.

அப்படியானால் கப்பலிலேயே வாங்கினால் கவலையில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வகாரி எரிமலைத் தீவு வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு க்ரூஸ் கப்பல் வழியாகச் சுற்றுலா வாங்கிப் போனவர்கள். எரிமலையின் எச்சரிக்கை அளவு மூன்று வாரத்துக்கு முன்பே கூட்டப்பட்டிருந்தது. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், கப்பல் ஏற்பாடு செய்த மலையேற்றத்தில் பின்தங்கிய 80 வயதுப் பெண்மணி ஒருவரை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து தேடியபோது உடல்தான் கிடைத்தது. கப்பல் காத்திருக்கும் என்பது ஒரு உத்தரவாதம். போகிற இடத்தில் ஆபத்தில்லை என்பது வேறு உத்தரவாதம். முதலாவதைத்தான் கவுன்ட்டரில் விற்கிறார்கள். இரண்டாவதை நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது புக்கெட்டுக்கு வருவோம். இந்த வழியில் ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான்.

காலை 10 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். புக்கெட்டின் படோங் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நங்கூரமிட்டு, டெண்டர் படகுகளில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கரையில் கால் வைக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். சாயங்காலம் கடைசி டெண்டர் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே போய்விடும். அதற்கும் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நிற்பார்கள். மிஞ்சுவது ஐந்து மணி நேரம்.

இந்த ஐந்து மணி நேரத்தில்தான் கடற்கரையில் பிளாஸ்டிக் உறையிட்ட படங்களோடு சூழ்ந்துகொள்பவர்கள் ஃபி ஃபி தீவுக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் படகுகள் கிளம்புவது புக்கெட் தீவின் மறுபக்கம், கிழக்குக் கரையிலிருந்து. படோங்கிலிருந்து மலைச் சாலையில் ஏறி இறங்கிப் படகுத்துறைக்குப் போக அரை மணிக்கு மேல். அங்கிருந்து ஸ்பீடு போட்டில் ஒரு மணி நேரம். திரும்ப இதே கதை. ஐந்தில் மூன்று போயிற்று. மீதியில் அங்குள்ள மாயா விரிகுடாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒரு படம் எடுக்கலாம். சுற்றுலாக் கூட்டத்தில் பவளப்பாறைகள் சிதைந்துபோய் 2018-இல் மூடி, 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்த இடம் அது. இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். ‘மாயா பே’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதால் இறக்கிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போகிற படகுகளும் உண்டு.

இதோடு நேரக் குழப்பம் ஒன்றும் சேரும். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பல கப்பல்கள் கடைசி வரை சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. உங்கள் செல்போனோ புக்கெட் சிக்னல் கிடைத்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். போனில் நாலு மணி; கப்பலில் ஐந்து. ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே’ என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கடைசி டெண்டர் போய்விடும். இறங்குவதற்கு முன் கப்பல் நேரம் எது என்று வரவேற்பு மேஜையில் கேளுங்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பருவம். நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கத் தொடங்குவதும் மே மாதத்தில்தான். அக்டோபர் வரை நீடிக்கும். கப்பல் பெரியது, அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிலிருந்து இறங்கி நீங்கள் ஏறப்போகும் படகு சின்னது. 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலுக்குள் போன ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். பிற்பாடு படகின் கட்டுமானத்திலேயே கோளாறுகள் இருந்தது தெரியவந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது புத்தம்புதிய, இரண்டடுக்குப் படகு. படகைப் பார்த்து நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் குளிக்க இறங்காதீர்கள். அன்றைக்குத் திறந்த கடலில் தீவுக்குப் படகும் வேண்டாம். காலை விட்டுப் பார்க்கலாம் என்று முழங்கால் தண்ணீரில் நிற்பவரையே இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் படோங், கரோன் கரைகளில் மழைக்காலத்தில் உண்டு.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் ஃபாங் நா விரிகுடாவுக்குப் போகலாம். சுண்ணாம்புக்கல் குன்றுகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் இடம். 1974-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டியது. உள்ளடங்கிய விரிகுடா என்பதால் அலையும் குறைவு. ஆனால் தூரம் அதிகம். ஆகவே இதை மட்டும் கப்பலிலேயே வாங்குங்கள் என்பேன். மே, ஜூனில் போகிறவர்கள் கடலை விட்டுவிட்டுப் பழைய புக்கெட் நகரத்துக்குப் போங்கள். தாலாங் வீதியில் வண்ணமடித்த பழைய வீடுகள், காபிக் கடைகள், கொஞ்சம் சுற்றிப் போனால் வாட் சாலோங் புத்தர் கோயில். உயிருக்கும் பயமில்லை, நேரத்துக்கும் பயமில்லை.

யானைச் சவாரி வேண்டாம். யானையைக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். 2025 ஜனவரியில் அந்தப் பகுதித் தீவு ஒன்றில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண் அதே யானையால் கொல்லப்பட்டார். ஜெட் ஸ்கீ எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்பது படோங்கில் ரொம்பப் பழைய தொழில். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஒரு பைசா தராது என்பதை நினைவில் வையுங்கள்.

பினாங்கு கதையே வேறு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும். இறங்கி வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் நடக்கிற தூரத்தில். இங்கே கப்பலில் சுற்றுலா வாங்குவது காசைக் கடலில் போடுவது. பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. தமிழ்ப் பெயர்ப் பலகை, மல்லிகைப்பூ, கேசட் காலத்துப் பாட்டு. குயின் வீதியில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதை விட்டுப் பக்கத்துத் தெருவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், அதே சாலையின் கோடியில் புனித ஜார்ஜ் தேவாலயம். வெயில் தாழ்ந்ததும் ஆர்மீனியன் வீதிச் சுவரோவியங்கள், பிறகு கடலுக்குள் மரக்கால் ஊன்றி வீடு கட்டியிருக்கும் சியூ ஜெட்டி. பசித்தால் நாசி கண்டார் கடை எந்தத் தெருவிலும் இருக்கும். வெயிலும் புழுக்கமும் அதிகம் என்பதால் குடையும் தண்ணீரும் வேண்டும், வேறு ஏற்பாடு வேண்டாம்.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் கார் எடுக்கலாம். 513 படி, முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். பினாங்கில் தமிழ் ஓட்டுநர் கிடைப்பது கஷ்டமில்லை. ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். “அண்ணே, கப்பல்லேருந்து வர்றீங்களா? எத்தனை மணிக்கு உள்ள போகணும்?” என்று முதலில் கேட்கிறவர் வண்டியில் ஏறலாம். ‘எங்கெங்கே போகணும், எவ்வளவு தருவீங்க’ என்று ஆரம்பிக்கிறவரை விட்டுவிடலாம். வார இறுதியில் பினாங்கு மலை ரயிலுக்கு நிற்கும் வரிசையைப் பற்றியும் முதலாமவர்தான் உண்மை சொல்வார்.

போர்ட் கிளாங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பத்துமலைதான் நினைவுக்கு வரும். 272 படிகளும் 2006-இல் திறந்த 140 அடி முருகன் சிலையும். ஆனால் துறைமுகத்துக்கும் பத்துமலைக்கும் நடுவே கோலாலம்பூர்ப் போக்குவரத்து இருக்கிறது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் வந்து சாயங்காலம் கிளம்பும் கப்பல் என்றால் பத்துமலை ஒன்றை மட்டும் பாருங்கள். கூடவே இரட்டைக் கோபுரமும் என்று ஆசைப்பட்டால் கப்பல் சுற்றுலாவிலேயே போய்விடுங்கள். மத்தியானம் வந்து சேரும் கப்பல் என்றால் இரண்டும் வேண்டாம்.

கப்பலில் தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில், அல்லது கப்பல் செயலியில், அந்தந்த ஊர் போர்ட் ஏஜென்ட்டின் தொலைபேசி எண்ணும் கடைசியாக ஏற வேண்டிய நேரமும் இருக்கும். இறங்கும் முன் இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றையும், ஒரு நாளுக்கான மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள். கடல் கொந்தளித்துச் சுற்றுலா ரத்தானால் பணம் திரும்புமா என்பதை வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.