தீர்ப்பு வந்தும் தீராத குறை: நுகர்வோர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள்

புது தில்லி: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்து வெற்றி பெறுவது ஒன்று, அந்த வெற்றியின் பலனைக் கையில் பெறுவது வேறொன்று. ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவர்களுக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால், நுகர்வோரே கேட்டாலன்றி அந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு ஆகியவை பொதுவாகக் குற்றங்கள் அல்ல. அவற்றுக்குப் பணத்தைத் திருப்பித் தருதல், இழப்பீடு வழங்குதல் ஆகியவையே தீர்வு. அந்த உத்தரவை மீறும்போதுதான் குற்றம் பிறக்கிறது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவு, இதற்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ரூ. 2,000 முதல் ரூ. 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 72-வது பிரிவு, சிறைக் காலத்தை மாற்றாமல் அபராதத்தை ரூ. 25,000 முதல் ரூ. 1 லட்சம் வரை என உயர்த்தியது. இதற்காக ஆணையத்துக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரமும் தரப்பட்டுள்ளது.

நேரடித் தண்டனைகள்: உத்தரவு மீறலுக்காகக் காத்திராமல் தண்டிக்கப்படும் குற்றங்களையும் புதிய சட்டம் சேர்த்தது. நுகர்வோர் நலனைப் பாதிக்கும் பொய்யான விளம்பரத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. கலப்படப் பொருளால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரம் தருவோருக்குத் தானே ரூ. 10 லட்சமும், மீண்டும் தவறினால் ரூ. 50 லட்சமும் வரை அபராதம் விதிக்கலாம்.

மேல்கோட்டை முதல் திருச்சி வரை: சாதாரண நுகர்வோருக்கு இச்சட்டம் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள மேல்கோட்டையில் நடைபெறும் வைரமுடி சேவைக்குத் தமிழகத்திலிருந்தும் பக்தர்கள் செல்கின்றனர். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஒருவரிடம் முன்பணம் பெற்ற விடுதி ஒன்று, அறையும் தராமல் பணத்தையும் திருப்பித் தராமல் இருப்பதாகக் கொள்வோம். பழைய சட்டப்படி, எதிர்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க முடியும். சில ஆயிரம் ரூபாய்க்காக மண்டியாவுக்கு யார் அலைவார்கள்? இப்போது, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே, அதாவது திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. உத்தரவுக்குப் பிறகும் விடுதி பணம் தராவிட்டால், அதே ஆணையத்தில் 71-வது பிரிவின் கீழ் நிறைவேற்றல் மனுவும், 72-வது பிரிவின் கீழ் தண்டனை கோரும் மனுவும் தாக்கல் செய்யலாம்.

ஒரு சொல்லால் வந்த வினை: நிறைவேற்றல் அதிகாரத்திலேயே நீண்ட காலம் ஓர் ஓட்டை இருந்தது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் 25-வது பிரிவு, ஆணையத்தின் எல்லா உத்தரவுகளையும் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்ற அனுமதித்தது. 2003 மார்ச் 15-ல் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, அதை 'இடைக்கால உத்தரவு' எனச் சுருக்கிவிட்டது. பணத்தை மட்டும் வருவாய் நிலுவைபோல வசூலிக்க வழி இருந்தது. வீட்டை ஒப்படைக்கவோ பத்திரம் எழுதித் தரவோ கூறும் இறுதி உத்தரவுகளை நிறைவேற்றுவதில் சிக்கல் எழுந்தது.

பாம் குரோவ்ஸ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவை 'எந்த உத்தரவும்' என்றே படிக்க வேண்டும் எனக் கூறி, 2003 முதல் 2020 வரை நீடித்த இக்குறையைக் களைந்தது. தேங்கியுள்ள நிறைவேற்றல் மனுக்களை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்குமாறு தேசிய ஆணையத்தின் தலைவரையும் கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு மார்ச் 4-ல் மற்றொரு தீர்ப்பும் வந்தது. வீடுகளை ஒப்படைக்காததற்காகத் தேசிய ஆணையம் 27 அபராதங்கள் விதித்த நிலையில், திவால் நடவடிக்கையைக் காட்டி அவற்றை நிறுத்திவைக்கக் கோரினார் ஒரு கட்டுமான உரிமையாளர். சட்டத்தை மதிக்கச் செய்வதற்கான அபராதம் சாதாரணக் கடன் அல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

செய்ய வேண்டியது என்ன?: அபராதத் தொகை நுகர்வோருக்குச் சேர்வதில்லை. எனினும், சிறை என்ற அச்சமே பல வழக்குகளில் பணத்தை வெளியே வரவழைக்கும் கருவி. மாவட்ட ஆணைய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. பணம் செலுத்த வேண்டியவர் அதில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீடே ஏற்கப்படும். அந்தக் கெடு முடிந்ததும், காலம் தாழ்த்தாமல் இரு மனுக்களையும் தாக்கல் செய்வது நுகர்வோரின் பொறுப்பு. அவற்றை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடாமல் பார்த்துக்கொள்வது ஆணையங்களின் பொறுப்பு; அதற்கு வேண்டிய உறுப்பினர்களையும் ஊழியர்களையும் நியமிப்பது மத்திய, மாநில அரசுகளின் கடமை.