விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்!

"ஆறு மாசமா ஜிம் பக்கமே போகலை. முந்தாநாள் பழைய வெயிட்டையே தூக்கினேன். இப்போ மாடிப்படி இறங்க முடியலை டாக்டர்!"

பழகிய தசைக்குப் பழைய பலம் சீக்கிரம் திரும்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு வேகமாகத் தேறாது. எனவே, 'தூக்க முடியுதே' என்று தூக்கிவிடாதீர்கள். பாதி எடையில் ஆரம்பியுங்கள். ஒரே தசைக்கு மறுபடி வேலை கொடுக்குமுன் 48 மணி நேர ஓய்வு தேவை.

24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி தானாகவே அடங்கும். ஆனால், நாள்கணக்கில் அசதி, தூக்கமின்மை, எரிச்சல், காலையில் எழும்போதே நாடித்துடிப்பு அதிகம் என்றால், பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? டாக்டரைப் பாருங்கள்.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உடனே ஆஸ்பத்திரிதான்!