சராசரி சரி, மூலை சரியில்லை!

தம்மம்பட்டியில் என் வீட்டுக்கு வந்த நண்பர், தன் கல்லூரி ஆய்வகத்து ஃபியூம் ஹூட்டின் வாசலில் ஒன்பது இடங்களில் அளந்த காற்று வேகங்களைத் தந்தார். அமில ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டி அது.

எக்ஸெலில் டைப் செய்து, ஆட்டோசம் அருகேயுள்ள அம்புக்குறியைக் க்ளிக் செய்து ஏவரேஜ் கொடுத்தேன். நிமிடத்துக்கு 98 அடி. பொதுவாக 80 முதல் 120 வரை எதிர்பார்ப்பார்கள். நண்பருக்கு மகிழ்ச்சி.

அடுத்து 'மின்' (குறைந்தபட்சம்) கொடுத்தேன். 42! இடது கீழ் மூலை.

ஊருக்குப் போனதும் ஹூட்டில் வேலையை நிறுத்தி, அந்த மூலையில் ஊதுபத்தி காட்டியிருக்கிறார். புகை முகத்துக்கே வந்ததாம். உள்ளிருந்த பாட்டில்கள் பின்புறத் திறப்பை மறைத்திருந்தன, எடுத்ததும் சரியானது.

வேகம் மட்டும் போதாது. அதனால்தான் ஆஷ்ரே 110 சோதனையில், உள்ளே நிமிடத்துக்கு 4 லிட்டர் வாயு விட்டு, வெளியே நிற்கும் பொம்மையின் மூக்கருகே கசிவை அளக்கிறார்கள்.

நீங்களும் சராசரியோடு நிறுத்தாதீர்கள்!