உயரக்கோடு பொய்த்த ஊர்

பழைய நில அளவைப் படம் கையில் கிடைத்தால் மறைந்த வண்டிப்பாதையையோ தூர்ந்த குளத்தையோ தேடுவோம். பழுப்பு நிற உயரக்கோடுகளை யாரும் சந்தேகிப்பதில்லை. சாலை மாறலாம், மேடு எங்கே போய்விடும்? நெய்வேலியில் மேடும் போயிருக்கிறது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறையில் நெய்வேலி 58 எம்/6 தாளின் கிழக்கு ஓரத்தில் விழும். இத்தாள்களில் மஞ்சள் என்றால் விளைநிலம், சிவப்பு என்றால் குடியிருப்பு. நீரின் நிறம்தான் சுவையானது: ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஏரிக்கு நீலம், கோடையில் வற்றிவிடும் ஓடைக்குக் கறுப்பு. ஒரு வட்டாரத்தின் தண்ணீர்க் கஷ்டம் மையின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

1935-இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரிக்கு மேலே சுமார் 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை மண். ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அதை வாரி வேறிடத்தில் கொட்டக் கொட்ட, சமநிலத்தில் பள்ளமும் குன்றும் உருவாயின. சுரங்கத்துக்கு முன் வரைந்த கோடுகளை இன்றைய நிலத்தில் பொருத்தவே முடியாது. படம் வரைந்தவர் மீது பிழை இல்லை; நிலம் இடம் மாறிவிட்டது.

எந்தத் தாளும் காட்டாத ஒன்றும் உண்டு. கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு கிடக்கிறது. இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

மேலே ஓடும் பரவனாற்றின் கதை வேறு. சுரங்கம் விரிய விரிய ஆறு ஒதுங்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் அதற்கான மாற்றுக் கால்வாயை வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் வெட்டியதில் பெரும் போராட்டம் வெடித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அறுவடை வரை பொறுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம். மழைநீர் முன்பு எந்தச் சரிவில் இறங்கியது, எந்த ஏரியில் சேர்ந்தது என்பதற்குப் பழைய தாள்தான் சாட்சி. கால்வாய் வெட்டுபவரும் வெள்ளத்தில் நிற்பவரும் அதைப் பார்க்க வேண்டும்.

1:50,000 அளவுப் படங்களை 2017 முதல் நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகத் தரவிறக்கலாம். உங்கள் ஊர்த் தாளை எடுத்து, முதலில் ஏரிகளை எண்ணிப் பாருங்கள்.