உச்சத் தரவரிசை என்னும் ஒற்றை எண்

கோடைக்கால டென்னிஸ் முகாம்களில் பெயர் பதியும் கெடு நெருங்கியுள்ள வேளையில், புதுச்சேரிப் பெற்றோர்களின் கடிதங்களுள் பெரும்பாலானவை, பயிற்சியாளராக மாறிய முன்னாள் வீரர்களின் விளம்பரப் பலகைகளில் காணப்படும் 'உச்சத் தரவரிசை' என்ற எண்ணின் பொருளையே வினவுகின்றன. ஒரு வீரர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு வாரத்தில் எட்டிய மிக உயர்ந்த இடமே அது. தகுதியை மட்டும் அளக்கும் நடுநிலையான முறை என்று ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சங்கம் தன் தரவரிசையைக் கூறிக்கொள்வதை அப்படியே ஏற்பதற்கில்லை.

ஈட்டிய புள்ளி எதுவும் 52 வாரங்களுக்குப் பின் உதிர்ந்துவிடும் என்பது அன்றும் இன்றும் விதியாக இருக்க, எஞ்சிய புள்ளிகளைக் கணக்கிடும் வழிதான் இடையில் மாறிற்று. 1989 முடிய, மொத்தப் புள்ளிகள் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்டமையால், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு மேல் ஆடித் தொடக்கத்திலேயே தோற்றவரின் சராசரி சரிந்தது. ஆடாமல் வீட்டிலிருந்தவரின் எண் காப்பாற்றப்பட்டது. 1990இல் சிறந்த 14 முடிவுகளை மட்டும் கூட்டும் முறை வந்தபோது, தோல்விகள் கணக்கிலிருந்து மறைந்தன. எனவே மேலும் மேலும் பயணம் செய்யப் பணமுள்ளவருக்கே வாய்ப்பு மிகுந்தது. இவ்விரு முறைகளில் பெற்ற எண்களை ஒரே தட்டில் நிறுப்பது பிழை.

சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் தம் உச்சமான 23ஆம் இடத்தை எட்டியது 1985 ஜனவரியில். ஆனால் 1986 விம்பிள்டன் காலிறுதியும், 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவைத் தீர்மான ஆட்டத்தில் வீழ்த்தி இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றதும், 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது உலகின் முதலிடத்திலிருந்த மேட்ஸ் விலாண்டரை வென்றதும் அதற்குப் பின்னரே நிகழ்ந்தன. அவருடன் சேர்ந்து சென்னையில் பயிற்சி மையம் நடத்திய தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் ஆடியவராயினும், கணினித் தரவரிசை 1973இல்தான் பிறந்தமையால், அப்பெரும் ஆட்டக்காரரின் உச்சத்தைக் காட்ட அத்தகைய எண்ணே இல்லை.

சிறுவர் பட்டங்கள் இக்கணக்கில் சேருமா? ரமேஷ் 1979இல் வென்ற விம்பிள்டன், பிரெஞ்சு சிறுவர் பட்டங்கள்கூடச் சேரவில்லை.

இரட்டையர் ஆட்டத்துக்கு? தனிப் பட்டியல் உண்டு.

பயிற்சியாளருக்குத் தரவரிசை உண்டா? கிடையாது.

ஆகவே, பலகையிலுள்ள எண்ணை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு மாலைப் பொழுது ஆடுகள ஓரத்தில் நின்று, மிகவும் பின்தங்கிய பிள்ளையின் சர்வீஸை அப்பயிற்சியாளர் எவ்வாறு திருத்துகிறார் என்பதைப் பெற்றோர் நேரில் காண வேண்டும்.